சேதம் பார்க்க வந்தவர்

என் காரை நசுக்கிவிட்டு ஓடியவனிடம் நான் சொன்ன ஒரே வார்த்தை, “பரவாயில்லை.”

இதை நானாக வெளியே சொல்லியிருக்க மாட்டேன். சமையலறை ஜன்னல் வழியாக என் மனைவியின் காதில் விழுந்து, அவளிடமிருந்து பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஏறி, மாலைக்குள் டீக்கடைவரை போய்விட்டது. மறுநாள் டீ மாஸ்டர் என் கிளாஸைக் கொஞ்சம் சிந்திவிட்டு, “பரவாயில்லதானே சார்?” என்று கேட்டபோதுதான் என் நிலைமை எனக்கே புரிந்தது. பின்னால் நடந்த ரத்தக்களரிக்கு யார் காரணம் என்று கேட்டால் அந்த டீயைத்தான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை மதியம். தெருவில் பாதிப் பேர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசல் கம்பிக் கதவுக்கு உள்ளே நாற்காலி போட்டு, மன்னர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பிடுங்கிக்கொள்ளும் ஒரு பழைய சரித்திரப் புத்தகத்தைச் சுகமாகப் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே என் கார், வீட்டு மதிலை ஒட்டி, இரண்டு சக்கரம் சாக்கடை மூடியிலும் இரண்டு சக்கரம் தெருவிலுமாக நின்றது. அது நிற்பதுதான் வழக்கம். நான் வண்டி ஓட்டும் லட்சணம் தெரிந்தவர்கள் அது நிற்பதையே விரும்பினார்கள்.

டயர் கதறும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பெரிய தெருவில் எங்கேயோ சோதனை நடக்கிறது என்று பயந்து ஒரு வெள்ளை வேன் எங்கள் சந்துக்குள் திரும்பியிருந்தது. திரும்பியது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் தரையிலேயே இல்லை. அப்படியே வந்து என் காரின் முகத்தில் இடித்தது. இடித்ததோடு விடவில்லை. முன்பக்கத்தை அப்பளமாக நொறுக்கி, காரைத் தள்ளிக்கொண்டே போய் மதிலில் வைத்து அழுத்தியது. மதில் சற்று நேரம் யோசித்துவிட்டு உள்பக்கமாகச் சரிந்தது. என் காரின் பின்பாதி, வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, வீட்டுக்குள் வந்தது.

தூசி அடங்கியபோது வேனின் முன்கண்ணாடியில் ஒரு தலை அளவுக்கு ஓட்டை இருந்தது. அந்தத் தலைக்குச் சொந்தக்காரன் கதவை உதைத்துத் திறந்து இறங்கினான். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். நெற்றி கிழிந்து ஒரு கண் முழுக்க ரத்தம். முடியெல்லாம் கண்ணாடிச் சில்லு. தள்ளாடி வந்து என் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டான். இவன் என்னைக் கொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் மிச்சமிருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, “ஸாரி சார், பிரேக் புடிக்கல” என்றான்.

“பரவாயில்லை” என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, கதவில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிய, பின்சந்து வழியாக ஓடிப்போனான். பாதி ஆயுளை அரசாங்க அலுவலகத்தில் கழித்தவன் நான். எதிரே ஒருவர் மன்னிப்புக் கேட்டால் யார், என்ன என்று பார்க்காமல் வாய் தானாக மன்னித்துவிடும்.

வேனின் மேலே தவிட்டு மூட்டைகள், அடியில் அட்டைப்பெட்டிகள். எங்கள் காரைக்காலில் மது மலிவு, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் விலை. அதற்காக எதை எதையோ மேலே போட்டு மூடி எடுத்துப் போவார்கள். மூட்டைகள் வெடித்துத் தெரு முழுக்கத் தவிடு. அதன் மேல் பிராந்தி ஆறாக ஓடியது. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது, ஆட்கள் வந்துவிட்டார்கள். காரைக்காலில் நடந்து போய் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு பொருளுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே பெட்டியை இருபுறமும் இழுத்தார்கள். பெட்டி கிழிந்தது, பாட்டில் உடைந்தது, ஒருவருடைய உள்ளங்கை மணிக்கட்டுவரை பிளந்துகொண்டது. அவர் அந்தக் கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இன்னொரு கையால் வேறொரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் வந்து லத்தியைச் சுழற்றிய பிறகுதான் கூட்டம் கலைந்தது. என் கார் நடுவில் கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

பாட்டில்களைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வேனின் முன் அச்சு முறிந்திருந்ததால் அதை நகர்த்த வெளியூரிலிருந்து கிரேன் வரவேண்டும். அதுவரை இரண்டு வண்டிகளும் முட்டிக்கொண்ட கிடாய்கள் மாதிரி அப்படியே நின்றன.

எனக்குப் பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜெண்டைப் போனில் பிடித்தேன். “வண்டிய ஒரு இஞ்ச்சுகூட நகத்திடாதீங்க சார்” என்றார். “இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தப் பாக்குற வரைக்கும் அப்படியே கெடக்கணும்.”

“என் வீட்டு மதில் திறந்து கிடக்குதுங்க.”

“அதுக்கு நம்மகிட்ட பாலிசி இல்லியே சார். சொன்னேன், நீங்கதான் வேணாம்னீங்க.”

பிறகு இழப்பீட்டு விண்ணப்பம் வந்தது. விபத்தின்போது வண்டியை ஓட்டியவர் பெயர் என்று ஒரு கேள்வி. யாருமில்லை என்று எழுதினேன். அது கூடாதாம், யாராவது ஓட்டியாக வேண்டுமாம். “உங்க பேரையே போடுங்க சார், பக்கத்துல ‘நிறுத்தியிருந்தது’ன்னு எழுதிருங்க” என்றார் ஏஜெண்ட். அப்படியாக, நான் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்தபடி ஓட்டிய கார் விபத்துக்குள்ளானது.

சர்வேயர் இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்றே போனது. அதற்குள் உடைந்த மதில் வழியாகத் தெருவின் ஆடுகளெல்லாம் உள்ளே வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொல்லைப் பக்கமாக வெளியேறப் பழகிவிட்டன. ஒருநாள் போன் வந்தது. தெரியாத எண். குரல் மிகவும் பணிவு.

“சார், நல்லாருக்கீங்களா? நம்ம பய வண்டி உங்க வண்டிய லேசா தட்டிட்டுதாம்ல?”

“லேசாவா?”

“கேஸு கீஸுன்னு ரொம்ப இழுக்காதீங்க சார். நம்ம ஆளு ஒருத்தரு வந்து வண்டிகளப் பாத்துட்டு, உங்களயும் பாத்துட்டுப் போவாரு. ஒத்துப் போயிட்டா நல்லது. இல்லன்னா காருக்கு மட்டும் இன்சூரன்ஸ் போட்டா பத்தாது சார், கை காலுக்கும் போட்டுக்குங்க.”

நான் என்ன பதில் சொன்னேன் என்று மனைவி கேட்டாள். அதே பழைய வார்த்தைதான் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் ஊரில் இது ஒரு வழக்கம். சரக்கு வண்டியைப் போட்டுவிட்டு டிரைவர் ஓடினால் சில நாள் கழித்து முதலாளியின் ஆள் ஒருவன் வருவான். நல்ல சட்டை போட்டிருப்பான், தோளில் ஒரு பை தொங்கும். முதலில் வேனைச் செல்போனில் படம் எடுப்பான். சீட்டுக்கு அடியில் கைவிட்டு, போலீஸ் கண்ணில் படாமல் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று துழாவுவான். அப்புறம் வீட்டுக்காரனிடம் பேசுவான். போன வருஷம் பக்கத்துத் தெருவில் அப்படி ஒருவன் பேசிய பேச்சில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு முழங்கை பெயர்ந்து, இன்னும் அவர் பொட்டலம் கட்டுவது ஒற்றைக் கையால்தான். இந்த விவரமெல்லாம் டீக்கடையில் எனக்கு இலவசமாகக் கிடைத்தது.

இந்த நேரத்தில் எனக்குத் துணைக்கு நின்றவர் பக்கத்து வீட்டு மாப்பிள்ளை. அந்த வீட்டில், கடலோரத்துப் பழைய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் போல, வீடு பெண்ணுக்கு. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். தெரு முழுக்க அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். வெளியூரிலிருந்து வந்த ஆறடி ஆள், இரும்பு மாதிரி உடம்பு. அந்த வீட்டில் அவரைத் தண்ணீர் மொண்டு குடிக்கக்கூட விடமாட்டார்கள். மூன்று வேளையும் தட்டில் மலை மாதிரி வைத்துவிட்டு, வேலை எதுவும் சொல்ல மாட்டார்கள். மாமியார் அவர் முன்னால் வந்து நின்று பேசுவதுகூடக் கிடையாது, கதவுக்குப் பின்னாலிருந்துதான். வளைகுடாவில் வேலை கிடைத்து, விசா வந்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. கிளம்பும்வரை அந்த உடம்பை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் உலாத்திக்கொண்டிருந்தார்.

“நீங்க பயப்படாதீங்கண்ணே” என்றார் என்னிடம். “ஆளு வந்தா ஒரு சத்தம் குடுங்க, போதும். மிச்சத்த நான் பாத்துக்குறேன்.”

அவனை என்னென்ன செய்வது என்று நான் தினமும் யோசித்தேன். படித்த சரித்திரமெல்லாம் கைகொடுத்தது. கண்ணைப் பிடுங்குவது, யானைக் காலில் இடறவிடுவது, கழுவேற்றுவது. கையில் இருந்த ஆயுதம் ஒட்டடைக் கம்பு ஒன்றுதான். அதைக் கதவோரம் சாத்தி வைத்தேன்.

வந்தான். ஒரு பிற்பகலில், தமிழ்நாட்டு நம்பர் பைக்கில், நல்ல சட்டையும் தோள்பையுமாக. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. என் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே வேனிடம் போனான். நாலு பக்கமும் படம் எடுத்தான். கதவைத் திறந்து சீட்டைத் தூக்கிக் கையை உள்ளே விட்டான். கதவுக்குள் நின்று நான் ஒட்டடைக் கம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் சொன்னது சொன்னபடி நடந்தது. அப்புறம் என் காருக்கு வந்தான். பம்பரைப் பூட்ஸ் காலால் ஓர் உதை உதைத்தான். வயரில் தொங்கிய ஹெட்லைட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

“யாருப்பா நீ?” என்று கேட்டேன்.

ஹெல்மெட்டுக்குள் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. திரும்பாமலே, கொஞ்சம் பொறு என்பதாக ஒரு கையை மட்டும் பின்னால் காட்டினான்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. என் காரை உதைத்துவிட்டு, என் வாசலில் நின்று, என்னைப் பொறுக்கச் சொல்கிறான். டீ மாஸ்டரின் முகம் கண்முன் வந்தது. ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு, இடிந்த மதில் கற்கள் மேல் ஏறி, ஆடுகள் வரும் வழியாக நான் வெளியே பாய்ந்தேன். ஓங்கி ஹெல்மெட்டில் ஒன்று போட்டேன். மூங்கில் நடுவில் முறிந்தது. நுனியிலிருந்த துடைப்பம் கழன்று அவன் தோளில் உட்கார்ந்துகொண்டது.

யார் தன்னைத் துடைக்கிறார்கள் என்று பார்க்க அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கழற்றியிருக்கக் கூடாது.

மாப்பிள்ளை மதிலைத் தாண்டி ஒரே குதியில் வந்தார், லுங்கியை மடித்துக் கட்டியபடி. “இவன்தானாண்ணே?”

அந்த இடத்தில் எனக்கு ஒரு அவகாசம் இருந்தது. அடையாள அட்டை கேட்டிருக்கலாம், பெயராவது கேட்டிருக்கலாம்.

“இவன்தான்!” என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

முதல் குத்து மூக்கில் விழுந்தது. காய்ந்த தென்னமட்டையை முழங்காலில் வைத்து முறித்தால் ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம். ரத்தம் நல்ல சட்டையில் வழிவதற்குள் இரண்டாவது, தாடையில். மாப்பிள்ளை அவன் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையை என் காரின் இடது கதவில் மோதினார். தகரம் டங்கென்றது. கால் மடங்கிக் கீழே விழுந்தான். விழுந்தவனைப் பார்த்ததும் டீக்கடை முழுவதும் எழுந்து ஓடி வந்தது. மாஸ்டர் பால் கிண்டும் கரண்டியோடு வந்தார். விலாவில் ஓர் உதை, முதுகில் ஓர் உதை. பைக்கை யாரோ தள்ளிவிட்டார்கள். காரணம் கேட்டுவிட்டு உதைத்தவர் யாருமில்லை. உதைத்துக்கொண்டே கேட்டவர்கள் இரண்டொருவர் உண்டு.

“என்னத்தப் பண்ணான் இவன்?”

“மொதல்ல மிதிடா, அப்புறம் சொல்றேன்.”

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாயிலிருந்து சொல்லுக்குப் பதிலாக ரத்தக் குமிழியும் பாதிப் பல்லும் வந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. முறிந்த கம்பைக் கையில் வைத்துக்கொண்டு, படை நடத்திய தளபதி மாதிரி ஒரு கல் மேல் நின்றிருந்தேன். மூச்சு வாங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தெருவே என் பேச்சைக் கேட்டிருக்கிறது.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஏஜெண்ட்.

“சர்வேயர் வந்துட்டாராமே சார்? உங்களுக்குப் பலதடவ அடிச்சுப் பாத்தாராம், நீங்க எடுக்கலியாம். கொஞ்சம் கோவக்காரரு. பாத்து, மரியாதையா நடந்துக்குங்க.”

மதியத் தூக்கத்துக்காக மௌனமாக்கி வைத்திருந்த போனை, அவர் வருவதற்குச் சற்று முன்புதான் எழுந்து சரிசெய்திருந்தேன். தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. வேன் சீட்டுக்கு அடியில் அவர் தேடியது சேஸிஸ் நம்பரை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு கூட்டத்தைக் கிளப்ப ஒரு சொல் போதும். நிறுத்துவதற்கு எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் போதவில்லை. “நிறுத்துங்க! இவரு இன்சூரன்ஸ்!” என்றேன். “இன்சூரன்ஸா, இன்னும் நல்லா மிதி!” என்று ஒரு குரல் வந்தது. அந்தத் துறையால் அவருக்கு என்ன வருத்தமோ. நடுவில் புகுந்தேன். யாருடைய முழங்கையோ என் கன்னத்தில் பட்டுக் கண்ணாடி பறந்தது. வேறு வழி தெரியாமல் சர்வேயர் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டேன். முதுகில் வந்த உதைகளில் ஒன்றிரண்டு, அந்தக் குறி தவறாத தன்மையை வைத்துச் சொல்கிறேன், எனக்காகவே கொடுக்கப்பட்டவை.

அடி நின்றது பக்கத்து வீட்டு அம்மாவால். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவின் நடுவுக்கே வந்துவிட்டார். மருமகனுக்கு நேர் எதிரே நின்று, “போதும், விடுங்க மாப்பிள்ளை” என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை என்று மனைவி பின்னால் சொன்னாள். மாப்பிள்ளையின் கை காற்றில் அப்படியே நின்றது. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். தலை என் மடியில் இருந்தது. மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஒரு கண் மூடிக்கொண்டுவிட்டது. இன்னொரு கண்ணால் அவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார், என் சேதத்துக்கு ஒரு மதிப்புப் போடுவது மாதிரி. மூக்கு எலும்பு முறிவு, விலாவில் ஒன்று விரிசல், தையல்கள். அடிதடிக் காயம் போலிருக்கிறது, போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும் என்றார் டாக்டர். சொல்லிவிட்டார்.

வராந்தாவில் பக்கத்து வீட்டு அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, இப்ப ஒரு கேஸு எழுதிட்டா மாப்பிள்ளை பயணம் நின்னு போயிடும். ஏர்போர்ட்லயே புடிச்சு வச்சுருவாங்கன்னு சொல்றாங்க. எம்மவ முழுகாம இருக்கா. இந்த விசாவுக்கு எத்தன நாள் காத்துக் கெடந்தோம்னு ஒங்களுக்கே தெரியும்.” அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. “நீங்க கை காட்டுனீங்க, அவஹ அடிச்சாஹ.”

உண்மையில் நான் கை காட்டக்கூட இல்லை, வாயால் சொன்னதோடு சரி.

உள்ளே போனேன். சர்வேயர் மூக்கில் பெரிய பஞ்சுக் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிவப்புத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கான்ஸ்டபிள், என் கார் கேஸுக்கு வந்த அதே ஆள்.

“நான்தான் அடித்தேன்” என்றேன். “மூக்கை உடைத்தது, பல்லை உடைத்தது, எல்லாம் நான். வேறு யாரும் இல்லை. என் பேரை எழுதிக்குங்க.”

இதைச் சொல்லும்போது நல்ல இடத்தில் நல்ல வசனம் அமைந்துவிட்டது என்ற நினைப்பு இருந்தது.

கான்ஸ்டபிள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “கையக் காட்டுங்க சார்.”

நீட்டினேன். அவர் பார்த்துவிட்டுக் கட்டிலின் பக்கம் திருப்பினார். சர்வேயர் என் கையைப் பிடித்து முன்னும் பின்னுமாகப் புரட்டினார். முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

“சேதத்துக்கும் சொல்ற காரணத்துக்கும் ஒத்து வரல” என்றார், மூக்கடைத்த குரலில். “அடி மேலேருந்து வந்துருக்கு. இவரு என் தோளுக்கு இருக்காரு. இந்த மாதிரி க்ளெய்ம நான் பாத்த ஒடனே தள்ளிருவேன்.”

அந்த நேரம் வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார். வரவேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் வந்திருந்தார். கையை மறைக்கக்கூட இல்லை. கான்ஸ்டபிளுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்து அவர் வராந்தாவுக்கு எழுந்து போனார். அறையில் நாங்கள் மூன்று பேர்.

“நான்தாங்க” என்றார் மாப்பிள்ளை. “வேற ஆளுன்னு நெனச்சுட்டேன்.”

“வேற ஆளா இருந்தா மூக்க ஒடைக்கலாமா?”

“அதுக்குத்தாங்க ஒடச்சேன்.”

மூச்சு விடுவதே சர்வேயருக்கு வேலையாக இருந்தது. வெளியே முக்காடு போட்ட தலை ஒன்று ஜன்னலோரம் அசையாமல் நிற்பதை அவரும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“நான் கம்ப்ளைன்ட் குடுத்தா இவன் போகமுடியாது. சரி. ஆனா நானும் வாய்தா வாய்தாவா இந்த ஊரு கோர்ட்டுக்கு வந்து நிக்கணும். ஊரூரா அலைஞ்சு ஒடஞ்ச வண்டியப் பாக்குறவன் நான், எனக்கு ஏது நேரம்?” என்றார். “ஆனா சும்மாவும் வுடமாட்டேன். ஒரு அடி நான் திருப்பி அடிக்கணும். இங்கயே. இப்பவே.”

மாப்பிள்ளை உடனே கட்டிலருகே மண்டியிட்டு முகத்தை நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நீ தள்ளு” என்றார் சர்வேயர். “நீ கை. எனக்கு வாய் வேணும். இவன்தான்னு கத்துனது யாரு?”

அறைந்தார். ஊசி குத்தியிருந்த கையாலேயே, இரும்புக் கட்டில் ஒருமுறை குலுங்க. எனக்குக் காதுக்குள் கோயில் மணி மாதிரி ஒன்று அடித்தது. சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டேன். உதடு கிழிந்து நாக்கில் உப்புக் கரித்தது. ஏற்கெனவே கீறல் விழுந்திருந்த மூக்குக்கண்ணாடி இந்த முறை முழுவதுமாகப் போயிற்று. அவருக்கும் விலா வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். கொஞ்ச நேரம் அந்த அறையில் மாப்பிள்ளை ஒருவர்தான் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

கான்ஸ்டபிள் திரும்பி வந்தபோது, “பைக்குலேருந்து விழுந்துட்டேன், எழுதிக்குங்க” என்றார் சர்வேயர்.

கான்ஸ்டபிள் அவர் சட்டையில் பதிந்திருந்த செருப்புத் தடங்களைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். “இவரு?”

“அவரும் பின்னால ஒக்காந்து வந்தாரு.”

ஒரு வாரம் கழித்து சர்வேயர் மறுபடி வந்தார், மூக்கில் கட்டோடு. தெரு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. டீ மாஸ்டர் மட்டும் கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினார். ஹெல்மெட்டை சர்வேயர் கடைசிவரை கழற்றவில்லை. காரின் ஒவ்வொரு காயத்தையும் தட்டிப் பார்த்தார், வேனின் பெயிண்ட் என் பம்பரில் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்தார். நான் இரண்டடி தள்ளிக் கைகட்டி நின்றேன். முன்பக்கம் முழுவதும் ஒத்துக்கொண்டார். பின்பக்கம் மதிலில் இடித்ததை ஒத்துக்கொண்டார். இடது கதவுக்கு வந்ததும் நின்றார். நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு குழி.

அதை உள்ளங்கையால் தடவினார். ஹெல்மெட்டின் மேல் தன் நெற்றிப் பக்கத்தையும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

“இது இந்த விபத்துல ஆனது இல்ல” என்றார். “இதக் குடுக்க முடியாது.”

நான் வாதாடவில்லை. ஏஜெண்ட் பின்னால் விசாரித்துவிட்டு, இவ்வளவு நேர்மையான அறிக்கையைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். கார் சரியாகி வந்துவிட்டது. கதவில் குழி அப்படியே இருக்கிறது. ஒர்க்ஷாப்காரர் என்னவென்று கேட்டதற்கு, சர்வேயர் என்று சொன்னேன். அவர் மேலே கேட்கவில்லை. போனில் மிரட்டியவர்களின் ஆள் வரவேயில்லை; எங்கள் தெருவில் இன்சூரன்ஸ்காரருக்கே மூக்கு உடைந்த செய்தி எல்லை தாண்டிப் போயிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை குறித்த நாளில் புறப்பட்டார். திருச்சி விமான நிலையத்துக்கு டாக்ஸி வந்து நின்றது. முட்டிகளில் புதுத் தோல் வந்திருந்தது. பெட்டிகளை அவரைத் தூக்க விடாமல் வீட்டார் பிடுங்கிப் பிடுங்கி ஏற்றினார்கள். எனக்கு ஸலாம் சொல்லி, கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டு ஏறினார். எலும்பு நொறுங்கும்போல் இருந்தது, அன்பாகத்தான் பிடித்தார். என் கன்னம் இன்னும் ஒரு பக்கம் வீங்கித்தான் இருந்தது. வேண்டுமென்றே அந்தப் பக்கத்தைத் தெருவுக்குக் காட்டியபடி நின்றேன். அந்த ஓர் அறையை நான் வாங்கியிருக்காவிட்டால் இந்தப் பயணமே இல்லை என்பது யாருக்காவது தோன்றாமலா இருக்கும்?

டாக்ஸி முனை திரும்பியதும் பக்கத்து வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் பணிவாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

“அண்ணே, சின்னவளுக்கும் பேசி முடிச்சாச்சு” என்றார். “அந்த மாப்பிள்ளையும் இங்கதான் வந்து இருக்கப்போறாஹ. அவஹளுக்கும் விசாவுக்குச் சொல்லி வச்சிருக்கு. இனிமே வாசல்ல யாராச்சும் வந்து நின்னா நீங்க உள்ள போயிருங்க, அண்ணிய அனுப்பி விசாரிக்கச் சொல்லுங்க.”